தமயந்தி போடாத கையெழுத்து

தமயந்திக்குப் படம் வரைய வராது. தாமரை போடச் சொன்னால் முட்டைக்கோஸ் போடுவாள். ஆனால் நெய்வேலி சுரங்கத்தின் வரைபடப் பிரிவில் பதினோரு வருடமாக அவள் டிரேசர், மையில் கோடு இழுத்து வரைபடம் போடுபவள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று எண்கள் வரும். ஒரே மட்டமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பாள்; கான்டூர் என்பார்கள். கோடு தப்பினால் ஆபத்து. அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் அழகுக்காகக் கோட்டை நேராக்கக் கூடாது. வரைந்தவர் தாளின் மூலையில் தன் முதலெழுத்தைப் போட்டாக வேண்டும். பிறகு யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா!

1983 பொங்கல் கழிந்ததும் தம்பி வேலுமணி பெங்களூரிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தோடு குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினான். வானியல் ஆராய்ச்சி மாணவன். மாசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஜெர்மனியில் வேலை தயார். காகிதம் முழுக்க கம்ப்யூட்டர் அடித்துத் தள்ளிய எண்கள்.

“என்னடா இது, ரயில்வே டைம்டேபிளா?”

“ஒரு குட்டி கேலக்ஸிக்கா. அதுல ஹைட்ரஜன் வாயு எங்க எவ்வளவு இருக்குன்னு ஒரு தாள். எந்த வேகத்துல ஓடுதுன்னு இன்னொண்ணு. நீதான் கான்டூர் போட்டுத் தரணும்.”

கணவர் கருணாகரனுக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட். மாலையில் சாப்பாட்டு மேசை முழுக்க அவளுக்குத்தான். முதல் தாளில், வாயுக்கு நடுவே ஓரிடத்தில் எண்கள் சட்டென்று இறங்கின. கிணற்று வரைபடப் பழக்கத்தில் பள்ளத்துக்குரிய குறுங்கோடுகளை உள்பக்கமாகப் போட்டுவிட்டு, “இங்க தண்ணி இறைக்கிற பம்பு ஓடுதா?” என்று கேட்டாள்.

வேலுமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நட்சத்திரம் வெடிச்சு வாயுவை வெளிய தள்ளியிருக்கும்க்கா.”

“தள்ளினா என்ன, உறிஞ்சினா என்ன? பள்ளம் பள்ளம்தான்.”

இரண்டாம் தாளில்தான் சிரிப்பு நின்றது. வேகக் கோடுகள் ஒழுங்காக வந்து, தென்கிழக்கு ஓரத்தில் ஒன்பது எண்கள் இருந்த இடத்தில் மட்டும் முரண்டுபிடித்துத் திரும்பி வளைந்தன.

“அதை நேரா இழுத்துடுக்கா. வாயு மொத்தமும் சக்கரம் மாதிரி சுத்துது, அப்ப கோடு நேராத்தான் வரும்னு அத்தியாயமே எழுதி முடிச்சிட்டேன். ஓரத்துல சிக்னல் கம்மி. அதெல்லாம் வெறும் இரைச்சல்.”

“ஒரு கிணறு பொய் சொல்லும் வேலு. பக்கத்துப் பக்கத்துல ஒன்பது கிணறும் பேசி வெச்சுக்கிட்டாடா பொய் சொல்லும்?”

“மாத்தி எழுத நாலு மாசம் ஆகும். ஜெர்மனிக்காரன் அதுவரைக்கும் காத்திருப்பானா?” அவன் குரல் உடைந்தது.

அம்மா போன பிறகு அவள் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை. அவளால் தாங்க முடியவில்லை. புதுத் தாள் எடுத்து அவன் கேட்டபடியே நேராக இழுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அத்தனை அழகு. வளைந்த கோட்டுத் தாள், நேர்கோட்டுத் தாள் இரண்டையும் அவனிடம் கொடுத்தாள்.

“வளைஞ்சதுல ‘த’ போட்டிருக்க. இதுல போடலியே?”

“இது நான் போட்ட கோடு இல்லடா.”

அவன் இரண்டையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

பங்குனியில் இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்தது. ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை, ஜெர்மனி வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. தமயந்தி சோறு இறங்காமல் கிடந்தாள். வானத்தில் எங்கோ இருக்கிற வாயு எப்படிச் சுற்றினால் இவளுக்கு என்ன? பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த மாதம் ஆபீசில் மூன்று தாள்களில் மையைக் கொட்டினாள்.

ஆவணியில் தபாலில் தடித்த புத்தகம் ஒன்று வந்தது. வேலுமணியின் ஆய்வேடு. ஆங்கிலப் பக்கங்களைத் தள்ளித் தள்ளி அவள் படத்தைத் தேடினாள். இருந்தது, தென்கிழக்கில் வளைந்த கோடுகளோடு. மூலையில் ‘த’. அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவே அந்த ஒரே ஒரு தமிழ் எழுத்தை அவன் சுரண்டாமல் விட்டிருந்தான்.

கடைசி அட்டைக்குள் நேர்கோட்டுத் தாளை மடித்து வைத்திருந்தான். அவள் காலியாக விட்ட மூலையில் ‘வே’ என்று எழுதி, அதன்மேல் பேனாவால் அடித்து அடித்துத் தாளே கிழிந்திருந்தது.

தமயந்தி வாய்விட்டு அழுதாள். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கருணாகரன் பயந்துபோய் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடிவந்தார்.