அண்ணியின் விரல்களும் பிரெஞ்சு விசைகளும்

எங்கள் அண்ணி அந்தோணிமேரிக்குக் கண் எதற்கு இருக்கிறது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வைத்திக்குப்பத்துக் கூடைக்காரியிடம் வாங்கிய மத்தி மீனைத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஆய்ந்துவிடுவாள். கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அவளுடைய பத்து விரல்களும் மடியில் துடித்துக்கொண்டிருக்கும். பிரசங்கத்தை அப்படியே டைப் அடிக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. கேட்டால், சும்மா உட்கார்ந்திருக்கையில் கை வேறு என்ன செய்யும் என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

காந்தி வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடந்தது. அதில் அண்ணிதான் டீச்சர். அவள் கணவர், என் சின்ன அண்ணன் கிறிஸ்துதாஸ், மில்லில் இருந்தார். மில் ஓடிய நாளைவிட மூடிக்கிடந்த நாள்தான் அதிகம். சாரம் என்ற பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணியின் விரல்களால்தான் என்று சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். வரட்டும், உண்மை அதுதான்.

எண்பத்தேழாம் வருடம் இன்ஸ்டிட்யூட் முதலாளி ஜானகிராமன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சேர வருகிற பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டர் உண்டா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். பொங்கலுக்குள் அண்ணி அதைக் கற்றுக்கொண்டு வகுப்பெடுக்க முடியுமானால் சரி, அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடுவார். முடியாதென்றால் டைப் மெஷின்களை விற்றுவிட்டுக் கூடத்தை அரிசி மண்டியாக்கிவிடுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வியாபாரி, அவ்வளவுதான். அண்ணி 'சரி சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கம்ப்யூட்டரை அவள் அதுவரை படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அப்படிச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் என் பெரிய அண்ணன் தனிஸ்லாஸ். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அந்த மே மாதம் கொஞ்சேயில், அதாவது விடுமுறையில், வருவதாக எழுதியிருந்தார். அவர் மகன் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே அவர் வீட்டில் கிடந்தது. அண்ணி கேட்டு எழுதினாள், அவரும் சுமந்துகொண்டு வந்தார். நான் கேட்டிருந்த கைக்கடிகாரத்துக்குப் பெட்டியில் இடமில்லாமல் போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு வெகுகாலம் இருந்தது.

பெரிய அண்ணன் இரண்டு பிளாப்பி வட்டுகளைக் கொடுத்தார். ஒன்றைப் போட்டால் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். இன்னொன்றில் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான கம்பைலர் இருந்தது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம். எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு பிரான்சுக்குத் திரும்பிவிட்டார்.

அண்ணிக்குப் பிரெஞ்சு தெரியாது. கன்னியர் பள்ளியில் அதைப் படித்தவள் நான். ஜெபமும் பூகோளமும் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு பக்கமாகச் சொல்ல, அண்ணி புரிந்துகொண்டாள். பாஸ்கலில் நாம் எழுதுவதைக் கம்பைலர் வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். ஆனால் ஓர் இடத்தில் தப்பு இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும், மேலே நகராது. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கன்னியர் ஒருவரும் அப்படித்தான். ஒரு வார்த்தை தவறினால் அடுத்த வார்த்தைக்கு விடமாட்டார். புத்தகத்தில் வரிக்கு வரி 'புவேன்-விர்குல்' என்று வந்தது. அரைப்புள்ளிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். பாஸ்கலில் அதைப் போடாமல் ஒரு காரியமும் நடக்காது.

முதல் நிரலாக, அதாவது புரோகிராமாக, எழுத அண்ணி எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்த விஷயத்தைத்தான். ஒரு பிள்ளை எத்தனை எழுத்து அடித்தது, எத்தனை பிழை, எவ்வளவு நேரம் என்று கொடுத்தால் டைப்பிங் வேகத்தைச் சொல்ல வேண்டும். தாளில் அழகாக எழுதினாள். தாளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு மடமடவென்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள். திரையில் இருந்தது எந்த நாட்டு மொழியும் இல்லை.

பிரான்சில் விசைகளின் வரிசையே வேறு. நம்முடைய டைப் மெஷினில் ஏ இருக்கும் இடத்தில் அங்கே க்யூ. நம் எம் இருக்கும் இடத்தில் காற்புள்ளி. பாஸ்கலுக்கு உயிர்நாடியான அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எம் உட்கார்ந்திருந்தது. கம்பைலர் முதல் வரியிலேயே நின்றது. திருத்தினால் இரண்டாம் வரியில் நின்றது. விசையைப் பார்த்து ஒற்றை விரலால் குத்தித் தொலையேன் என்று நான் சொன்னேன். கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள்.

"பாத்து அடிக்கிறதுக்கு டீச்சர் எதுக்கு பிலோ? பாக்காம அடிக்கத்தான நான் இத்தினி வருசமா சொல்லித் தரேன்."

பிடிவாதக்காரி. பிரெஞ்சு வரிசையையும் பார்க்காமல் அடிக்கப் பழகுவதென்று இறங்கிவிட்டாள். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்து, முகம் கழுவாமல்கூட உட்காருவாள். ஆவணி முடிவதற்குள் பழகியும் விட்டாள். கம்பைலர் பாதி நிரல் வரை வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். குடையைக்கூட மடக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து டைப் மெஷினில் ஒரு கடிதம் அடித்துக் காட்டியிருக்கிறாள். ஏ வரவேண்டிய இடமெல்லாம் க்யூ விழுந்திருக்கிறது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அண்ணி விரல்களை விரித்து, அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரைக் கற்காவிட்டால் வேலை போய்விடும். கற்றால் வேலைக்கு முதலான கையே கெட்டுவிடும். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல இருந்தது. அண்ணி ஒரு பழைய துண்டை எடுத்து அதை மூடினாள்.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் ஊர் மழையில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்ளும், செருப்பிலிருந்து ஜெபப் புத்தகம் வரைக்கும் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் துண்டை விலக்கிப் பார்த்தால் கம்ப்யூட்டரை விழிக்க வைக்கும் பிளாப்பியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். அண்ணியால் அப்படி விட முடியவில்லை, பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அரியாங்குப்பத்துக் கலியபெருமாள் அவளிடம் டைப்பிங் படித்தவர். இப்போது கம்ப்யூட்டர் உள்ள ஓர் ஆபீசில் இருந்தார். அவரிடம் சொன்னதும் தொடக்கப் பிளாப்பி ஒன்றைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கம்பைலர் பிளாப்பி பிழைத்திருந்தது. அண்ணி தாளை நிறுத்தி வைத்து அடிக்க ஆரம்பித்தாள். மனம் வேறெங்கோ இருந்ததோ என்னவோ, விரல்கள் பழைய டைப் மெஷின் பழக்கத்திலேயே ஓடின. அடித்து முடித்துக் கம்பைலரிடம் கொடுத்தாள். முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. ஒரே ஓட்டமாகக் கடைசி வரைக்கும் போய்விட்டது. அவள் என்னைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, கரண்ட் அடித்துவிட்டதோ என்று சமையலறையிலிருந்து ஓடினேன்.

புத்தகத்தைப் புரட்டியபோது விஷயம் விளங்கிற்று. பிரெஞ்சு வரிசை விசைகளில் இல்லை. இது பிரெஞ்சு விசைப்பலகை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரே ஒரு கட்டளை பூஞ்சை பிடித்த பிளாப்பியில் இருந்திருக்கிறது. கலியபெருமாள் கொடுத்ததில் அது இல்லை. ஆகவே கம்ப்யூட்டர் இப்போது ஆங்கில வரிசைப்படி நடந்தது. விசைகளின்மேல் அச்சடித்திருந்த எழுத்துகள்தான் பொய். அண்ணி அவற்றை எந்தக் காலத்தில் பார்த்தாள்?

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வந்த கொஞ்ச நேரத்தில் ஜானகிராமன் வந்தார். அண்ணி நிரலை ஓட்டிக் காட்டத் தயாராக இருந்தாள். அவரோ, முதலில் நானே தொட்டுப் பார்க்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்காட்டி விரலால் விசைகளைத் தேடித் தேடித் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். ஏ எல்லாம் க்யூவாக வந்தது. எம் அரைப்புள்ளியாக வந்தது. மறுபடி அடித்தார், மறுபடியும் அப்படியே வந்தது.

அண்ணி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கவில்லை. தன் பெயரையே ஒழுங்காக அடிக்கத் தெரியாத மெஷினை நம்பி எப்படிப் பணம் போடுவது என்று கைத்தடியை எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே ஒருவர் மண்டிக்கு இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். சின்ன அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு வாயில் வந்ததை அந்த மனிதரிடம் சொல்லியிருப்பேன், அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு துண்டை எடுத்து, விசைகள் ஒன்றும் தெரியாதபடி அவற்றின்மேல் விரித்தாள். இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் குனிந்து பார்க்காமலிருக்க அப்படித்தான் துணி போட்டு மூடுவார்கள்.

"ஒக்காருங்க சார். துணிக்கு அடியில கைய வுட்டு அடிங்க. நீங்களும் டைப்பிஸ்ட்டா இருந்தவருதான?"

அது எனக்குத் தெரியாது. முதலாளி ஆவதற்கு முன் கடலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் அவர் டைப் அடித்திருக்கிறாராம். அதெல்லாம் மறந்து எத்தனையோ காலமாயிற்று என்று முனகினார். ஆனாலும் உட்கார்ந்தார். கைகள் துணிக்கடியில் போயின. விரல்கள் தத்தம் இடத்தைத் தேடி அமர்வது துணிக்கு மேலேயே தெரிந்தது. ஓர் எழுத்து வந்தது. இன்னோர் எழுத்து. ஜானகிராமன் என்ற பெயர் ஒரு பிழை இல்லாமல் திரையில் வந்து நின்றது.

அவர் அடுத்த வரிக்குப் போனார். வக்கீல் கடிதம் ஒன்றின் தொடக்கம் வந்தது, பிறகு முழுக் கடிதமும் வந்தது. முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு வேகம் பிடித்து. கிழவர் முகத்தில் ஒரு வாலிபக் களை வந்துவிட்டது. அண்ணி அவருக்குப் பின்னால், வகுப்பில் நிற்பதுபோல, கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அத்தனை நாள் பாடுபட்டு எழுதிய நிரலை ஓட்டிக் காட்ட அவளுக்கு அன்று சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"டீச்சர், டைப்பிங் முடிச்ச புள்ளைங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்னு போர்டு எழுதிடுங்க. ஒரு மெஷினையும் விக்கப் போறதில்ல. ரெண்டையும் நீங்களே நடத்துங்க."

அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அண்ணி வாசலில் மரியாதையாக நின்றாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் உடைந்து போனாள். க்யூ விழுந்த நாளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"என் கை எனக்கே திரும்பி வந்துட்டுது பிலோ."

நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் அவை சும்மா இல்லை, எதையோ அடித்துக்கொண்டே இருந்தன.