தண்ணீர் வராத வெள்ளிக்கிழமை

போன வருடம், மாசாய் ஊரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது எனக்கும் மனைவிக்கும் மட்டுந்தான் தெரியும். எங்கள் திருச்சபையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள் நான். என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டால் பிழைப்பு என்னாவது?

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்ததும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. அந்த வாரம் எங்கள் முறை. சமையலறையில் இருந்ததோ ஒரு குவளை அரிசியும் இரண்டு டின் சார்டினும்.

"கர்த்தர் பார்த்துக்குவாருங்க" என்றாள் மனைவி.

"அவரு பார்ப்பாரு. வர்ற பதினாறு பேரும்ல பார்ப்பாங்க!"

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, வாட்ஸாப் குழுவில் தட்டிவிட்டேன்: 'எங்க புளோக்ல தண்ணி இல்ல. கூட்டம் வேணாம்.' எங்கள் பக்கம் தண்ணீர் அடிக்கடி நிற்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சந்தேகப்படவில்லைதான். சாயங்காலம் மோட்டார் சைக்கிள்களில் தோங் தோங்காக, பெரிய பெரிய பீப்பாய்களில் தண்ணீரோடு வந்து இறங்கிவிட்டார்கள். கையில் மீகூன், கோழிப் பிரட்டல், ஒரு பானைச் சோறு.

"தண்ணியில்லாம எப்படிண்ணே சமைப்பீங்க? நாங்களே ஆக்கிட்டு வந்துட்டோம்லா!"

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஓடிப்போய்க் குளியலறையைப் பூட்டி வாசலில் காவல் நின்றேன். சமையலறையிலும் ஒரு குழாய் இருக்கிறது என்பது அந்தப் பதற்றத்தில் எங்கே ஞாபகம் வருகிறது? ஓர் அக்கா அதைத் திறந்துவிட்டார்.

"அலமாக்! தண்ணி வந்திருச்சு! ஸ்தோத்திரம்!"

எல்லாரும் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். மனைவி மட்டும் பாடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் நன்றி ஜெபம் பண்ண என்னையே கூப்பிட்டார்கள். கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை, உண்மை வந்துவிட்டது.

"தண்ணி நிக்கவே இல்ல. வேலைதான் நின்னு போச்சு."

குழாயைத் திறந்த அக்கா அதை மூடிவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா, தோங்கத் தூக்கிட்டு நாலு மாடி ஏறியிருக்க மாட்டோமே!" என்றார். வீடே சிரித்தது. பிறகு தட்டுகளை எடுத்தார்கள். எனக்குத்தான் முதலில் போட்டார்கள்.

பொய் சொன்னவனுக்குச் சோறு எப்படி வந்தது, அது யாருடைய விசுவாசத்துக்குக் கிடைத்தது, இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். ஆனால் கொடுப்பதற்குக் கர்த்தர் தயங்கியதே இல்லை, வாங்கிக்கொள்ள நான்தான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் புரிகிறது.