இடப்பக்கக் கல்லறை

அமிர்தசாமி திண்டிவனத்தில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் முந்தின நாளே வந்து நிற்பார்கள். அவர் போய் யாரிடமும் நின்றதில்லை. மனைவி ரோஸ்லின் போன பிறகும் தானே கேப்பைக் கூழ் கிண்டி, தானே துவைத்து, தானே டிவிஎஸ் வண்டியில் பூசைக்குப் போய் வந்தார்.

முதலில் வண்டி போனது. ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. மறு கண்ணுக்கு ஓரம் தெரியாது. மேம்பாலத்துக்குக் கீழே நின்றிருந்த ஆட்டோமேல் விட்டார். விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மகன் அந்தோணி பிரபு வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனான். பிறகு கேஸ் அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பிறகு வீட்டைப் பற்றி.

"எங்கூட வந்துடுப்பா. தனியா இருந்துக்கினு இன்னா பண்ணப் போற?"

"உங்கூட இருந்துக்கினு மட்டும் இன்னா பண்ணப் போறேன்?"

செபமாலை மாதமான அக்டோபர் முழுக்க இந்தப் பேச்சுதான். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு ரோஸ்லின் கல்லறையை அவரே போய், யார் துணையும் இல்லாமல், சுத்தம் செய்து வெள்ளை அடித்துப் பேர் எழுதி வைப்பார். சாயங்காலம் சாமியார் மந்திரிக்க வரும்போது மகன் வந்து பார்க்கட்டும். சரியாக இருந்தால் அப்புறம் வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது.

"இல்லன்னா?"

"இல்லன்னா பொட்டியக் கட்டிர்றேன்."

ரோஸ்லினைப் புதைத்திருந்த அவருடைய சொந்த ஊர் ஒலக்கூருக்கு அந்தப் பக்கம். பஸ்ஸின் பேரைப் படிக்க முடியாமல் கண்டக்டரின் குரலை வைத்து ஏறினார். சரியான பஸ்தான். அதுவே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ரோஸ்லினுக்குப் பக்கத்தில் அமிர்தசாமியின் தம்பி மனைவி இருதயசெல்வி. ஒரு பொதுச்சுவர் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இருவருக்கும் ஒரே கொத்தனார் ஒரே அளவில் மேடை கட்டியிருந்தார். நடுவில் ஊன்றிய சின்னச் சிலுவைகளுக்கு முன் பின் என்று கிடையாது. எழுதிய பேர் ஒவ்வொரு வருடமும் மழையில் போய்விடும். வாசலில் இருந்து வந்தால் இடப்பக்கம் ரோஸ்லின் என்பது அவருக்குப் பாடம்.

அந்த வருடம் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலைப் பின்பக்கத் தார்ச்சாலைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் புது வாசலில் நுழைந்தார். உள்ளே நாலைந்து குடும்பங்கள் பாசி சுரண்டிக்கொண்டிருந்தன. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரட்டை மேடைகளைக் கண்டுபிடித்து, இடப்பக்கம் இருந்ததன் முன்னால் உட்கார்ந்தார்.

வேலை மதியம்வரை இழுத்தது. சுண்ணாம்பு காய்ந்த பிறகு, மேடையின் பக்கச் சுவரில் மூக்கு ஒட்டும்படி குனிந்து, கறுப்புப் பெயிண்டில் பெரிய எழுத்தாக ரோஸ்லின் என்று எழுதினார். நன்றாக வந்திருப்பதாகப் பட்டது.

குயிலாப்பாளையத்தில் இருந்து தம்பி மகள் வெனிலா சாமந்திப் பூவோடு வந்தாள்.

"இன்னா பெரியப்பா, எங்கம்மா மேல திடீர்னு இவ்ளோ பாசம்?"

அமிர்தசாமியின் கை நின்றது.

"உங்க கையால வெள்ளை அடிச்சிக்கினு சும்மா படுத்துனு இருக்குது பாரு. உசுரோட இருந்தா எகிறிக் குதிச்சி ஓடியிருக்கும்." சிரித்துக்கொண்டே சுற்றி வந்தவள், பேர் எழுதிய பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"ரெண்டுத்துக்குமே அடிக்கலாம்னுதான்..." என்றார் அவர்.

அவள் அவர் கையில் இருந்த பிரஷை வாங்கிக்கொண்டாள்.

"குந்துங்க பெரியப்பா. நான் ஜல்தியா முடிச்சிடுறேன். பிரபு அண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்தார். ரோஸ்லின் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த கடைசி வருடத்தில் அவர் இப்படித்தான் அவள் கையில் இருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டார். சீப்பை வாங்கிக்கொண்டார். சிந்தாமல், சிக்கல் இல்லாமல், சீக்கிரம் முடியும். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கக் கூடாதாங்க?" என்று அவள் ஒரு முறை சொன்னாள். நன்றி கெட்டவள் என்று அன்றைக்கு நினைத்தார்.

வெனிலா எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசி, ரோஸ்லின் மேடைக்கும் அடித்து, இரண்டு பேரையும் சரியான இடத்தில் எழுதி முடித்தாள். சாயங்காலம் மகன் மெழுகுவர்த்திக் கட்டோடு வந்தான். கறுப்புப் பெயிண்டின்மேல் சுண்ணாம்பு நிற்கவில்லை. காயக் காய, இருதயசெல்வியின் பேருக்குக் கீழே ரோஸ்லின் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்திருந்தாள். அமிர்தசாமிக்கு அது தெரியவில்லை. மகன் வெகுநேரம் குனிந்து நின்றதும், வெனிலா அவனிடம் ஏதோ கிசுகிசுத்ததும் தெரிந்தது.

"நல்லா அடிச்சிருக்கப்பா," என்றான் மகன். "சொன்னா மாதிரி செஞ்சிட்ட. வீட்டப் பத்தி இனிமே பேசல."

கடையில் மருந்து குடிக்க அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் பேசும் குரல் அது. அவர் சண்டைக்குத் தயாராக இருந்தார். மகன் ஒரு வார்த்தை எகத்தாளமாகச் சொல்லியிருந்தால் வாசல் மாறியதைச் சொல்லி, கட்டினவர்களைத் திட்டி, அடுத்த வருடம்வரை வாதாடியிருப்பார்.

"பிரபு, உன் சித்தி மேல இன்னா பேரு எழுதியிருக்குது, படி."

"சித்தி பேருதான்ப்பா."

"அதுக்குக் கீழ?"

மகன் மெழுகுவர்த்திக் கட்டைப் பிரித்தான்.

"வுடுங்க பெரியப்பா," என்றாள் வெனிலா. "அது ஒரு பேஜாரா?"

"நான்தான் எழுதுனேன்," என்றார் அமிர்தசாமி. "காலையில காரு எடுத்துக்கினு வா."

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருந்தார். மகன் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். அப்புறம், அவர் பக்கம் பார்க்காமல், "மாடில தனி ரூம் இருக்குப்பா. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்றான்.

"கட்டிலக் கீழயே போட்டுடு," என்றார் அவர்.