அவசரம் லேது

உதவித்தொகை இன்டர்வியூவுக்காக நானும் நைனாவும் நகரியிலிருந்து திருப்பதிக்கு பஸ் ஏறினோம். நைனா, அதாவது என் அப்பா, பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தியே பழகிய தொண்டை. "பெரியவங்க முன்னாடி மெதுவா பேசு, இன்னா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி எனக்கு ரகசியம் சொல்லிக்கொண்டே வந்தார். உதவித்தொகை கிடைத்தால் நர்சிங், இல்லாவிட்டால் நானும் தறிதான்.

நான் படித்ததெல்லாம் தமிழ் மீடியம். என் தெலுங்கு காய்கறிக் கடையில் பேரம் பேசப் போதும், அவ்வளவே.

உள்ளே மூன்று பேர். நடுவிலிருந்த மேடம் கேட்டார். "ஈ ஸ்காலர்ஷிப் நீக்கு நிஜங்கா அவசரமா?"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பயத்தில் என் காது தமிழுக்குத் திரும்பிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர்களைப் போய் அவசரப்படுத்தலாமா? பணிவாகச் சொன்னேன். "அவசரம் லேது மேடம், மெல்லகா இய்யண்டி." அதாவது, எனக்குத் தேவையே இல்லை, மெதுவாகக் கொடுங்கள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவில் காதை வைத்திருந்த நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அவசரமே மேடம்! சாலா அவசரம்!" என்று கத்தினார். வாசலில் நின்ற அட்டெண்டருக்குத் தமிழும் தெரிந்ததுதான் வினை. வியர்த்து வழிந்த முகத்தைப் பார்த்தவர், "பாத்ரூம் நேரா போய் லெஃப்ட்ல இருக்குது, வாங்க" என்று நைனாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "நானும் புத்தூர்ப் பக்கம்தாம்மா" என்று தமிழுக்கு மாறினார். எதற்கு நர்சிங் என்று கேட்டார். தறி பெல்ட்டில் நைனாவின் விரல் மாட்டிய அன்று, ஒரு நர்சம்மா அவரைத் திட்டிக்கொண்டே, வலிக்காமல் கட்டுப் போட்டதைச் சொன்னேன். "எனக்கும் அந்த மாதிரி திட்டணும் மேடம்."

உதவித்தொகை கிடைத்தது. அந்த மேடத்துக்கு இன்றுவரை முழுதாக நன்றி சொன்னதில்லை. எந்த மொழியில் என்ன உளறுவேனோ என்று பயம். மனசு நிறைய வைத்திருக்கிறேன்.

இப்போது கடைசி வருஷம், திருப்பதி ஆஸ்பத்திரியில் வார்டு டூட்டி. போன வாரம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா இட்லியைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தார். "ஆபரேஷன் அவசரம் இல்லியாம். அப்பால அறுப்பாங்களாம் கண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்தது; டாக்டர் தெலுங்கில் சொல்லியிருப்பார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடிப்போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தேன். "அறுக்கவே வாணாமாம்! தேவையில்லன்னு டாக்டர் சொன்னதுக்கா இந்த அழுகை? கண்ணத் தொடச்சிக்கினு மொதல்ல துன்னுங்க!" என்று ஒரு போடு போட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இட்லியைப் பிட்டார்.

டூட்டி முடிந்து கிளம்பும்போது சிஸ்டர் கூப்பிட்டார். "நுவ்வு ஈ வார்டுக்கு அவசரம், அம்மாயி." படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

நைனாவுக்கு போன் போட்டு சிஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "அவசரமா? எந்த அவசரம்மா?"

"உன் அவசரம்தான் நைனா. கதவத் தள்ளிக்கினு வந்து கத்தினியே, அது."