கரி பிடிக்கும் வால்வு

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை ஏற்றும் வேன்காரர் ஒருவர் என் பட்டறைக்கு அடிக்கடி வருவார். என்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தை, ஓட்டத்துக்கு ஏற்பத் திறந்து மூடி மறுபடி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, அவர் வண்டியில் கரி பிடித்துச் சிக்கிக்கொள்ளும். நான் அதைக் கழற்றிக் கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எனக்குப் பேச வராது. வீட்டில் பேசவும் ஆளில்லை.

ஒருநாள் காலையில் அவர், "எல்லாரும் தகடு வெச்சு அடைச்சிட்டாங்கண்ணே. நமக்கும் அடைச்சிடுங்க. சும்மா சும்மா வந்து உங்க உயிர வாங்க வேணாம்," என்றார்.

"அடைச்சா டேஷ்போர்டுல லைட்டு எரியும்ங்க. புகையும் ஊருக்குக் கெடுதல்," என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்துவிட்டார். "பேசுறீங்களே! சரி, கழுவுங்க. டீ சொல்லிட்டு வரேன்."

வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை; அன்று வால்வைக் கழுவி மாட்ட மதியமாகிவிட்டது.