நல்லம்மா அக்கா கடித்த துவாய்

1. ஐந்தாம் நாள்

"மிஸ், இந்தக் காலுக்கு என்ன நடந்த? நாப்பத்தஞ்சு பாகைக்கு மேல மடியுதில்லையே!"

வார்ட் ரவுண்டில் எல்லோருக்கும் முன்னால் சேர்ஜன் என்னைக் கேட்டார். நான் எலும்பு வார்ட்டின் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடச் சேவை, அதற்கேற்ற வாய்.

"நான் என்ன சேர் செய்ய? வலி இல்லையாம். ஆனா காலத் தொட்டா மரம் மாதிரி இறுக்கிப் பிடிக்கிறா. சோம்பல்தான்" என்றேன்.

கட்டிலில் இருந்த நல்லம்மா அக்கா துவாயைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மண்டூர்க்காரி, வயது அறுபத்து மூன்று. சொந்த வயல் வட்டையில் விளையும் நெல்லைக் குற்றுவித்து, வீட்டிலேயே அரிசி அளந்து விற்பவர். மூட்டுவாதம் இரண்டு முழங்காலையும் தின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டிக் கிடந்தது. வலது முழங்காலை மாற்றி ஐந்து நாள். இடது கால் ஆறு மாதம் கழித்து என்று முடிவு.

சேர்ஜன் அவர் பக்கம் திரும்பினார். "அம்மா, தையல் வெட்டுற நாளைக்குள்ள இது தொண்ணூறு பாகை மடியோணும். இல்லாட்டி மற்றக் கால நான் தொடமாட்டன்."

"ஓம் சேர்" என்றார் நல்லம்மா அக்கா.

மூட்டு மாற்றுகிறவர் சேர்ஜன்தான். ஆனால் அதை மடக்க வைப்பது எங்கள் வேலை. முதல் இரண்டு கிழமையில் மடங்காத முழங்கால் பிறகு மனம் மாறுவது அபூர்வம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கட்டில் தலைமாட்டில் தொங்கும் பெட் ஹெட் டிக்கெட்டை எடுத்து, தினமும் எழுதும் "வலி இல்லை" என்பதோடு அன்று "ஒத்துழைப்பும் இல்லை" என்று பெரிய எழுத்தில் சேர்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

2. துவாய்

அடுத்த நாள் காலை வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"வலி இரிக்கா அக்கா?"

"இல்ல மிஸ். நல்ல சுகம்."

"பத்துக்கு எத்தனை எண்டு சொல்லுங்க. பத்து எண்டா தாங்கவே ஏலாது."

"ஒண்டுமே இல்ல மிஸ்."

"அப்ப காலத் தாங்க."

குதிக்காலைப் பிடித்து மெதுவாக மடக்கினேன். வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தொடை விறைத்தது. "விடுங்க அக்கா, இறுக்காதீங்க" என்று அதட்டினேன். அப்போது அவர் தோளில் கிடந்த துவாய் நழுவி என் கையில் விழுந்தது. ஒரு மூலை முழுக்க ஈரம். அந்த ஈரத்துக்குள் பல் பட்டுக் கிழிந்த ஓட்டைகள், ஒன்று இரண்டல்ல, வரிசையாக. ஒரு நாளில் விழுந்த ஓட்டைகள் இல்லை அவை.

நான் காலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா இது?"

அவர் துவாயைப் பறிக்கக் கை நீட்டினார். பிறகு அழுதார்.

"கிளினிக்கில எனக்கு முன்னால ஒரு பொம்புள. ஒரு கால் மாத்தினவ. வலி தாங்க ஏலாம கத்தினா. 'இந்தக் காலே உங்களுக்குத் தாங்கல்ல, மற்றது பிறகு பாப்பம்' எண்டு சேர் சொல்லிப்போட்டார். நான் வாங்கில இரிந்து கேட்டன் மிஸ். எனக்கு ரெண்டாம் கால் வேணும்."

"அதுக்காக?"

"மண்டூரில இரிந்து டவுனுக்கு வாறதெண்டா பாதையில ஏறோணும்." வாவியைக் கடக்கும் பெரிய படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். "மூண்டு வருசமா என்ன ரெண்டு பேர் கக்கத்தில புடிச்சுத் தூக்கித்தான் ஏத்துறாங்க, அரிசி மூட்ட மாதிரி. ஆக்கள் பாக்கிற நேரம் செத்துப்போகலாம் போல இரிக்கும். ஒத்தக் காலால அதில ஏற ஏலாது."

வலியை மறைத்தால்தான் இரண்டாம் கால் கிடைக்கும் என்று அவர் நினைத்தார். வலி இல்லை என்று முதல் நாளிலிருந்தே நான் எழுதிவந்ததை நம்பி மருந்தைக் குறைத்திருந்தார்கள். மருந்து குறைய வலி கூடியது. வலி கூடத் தசை இறுகியது. மனுசி துவாயைக் கடித்துக்கொண்டு கிடக்க, சோம்பல் என்று ஊருக்கே சொன்னவள் நான்.

3. கொத்து

அன்றே டிக்கெட்டில், "முன்னர் நான் எழுதியது பிழை" என்று எழுதி அதற்கும் கையெழுத்துப் போட்டேன். சேர்ஜனிடம் துவாயையே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நேரே கட்டிலுக்கு வந்தார்.

"வலிக்குது எண்டு சொன்னா மற்றக் கால் இல்ல எண்டு ஆரம்மா உங்களுக்குச் சொன்ன?"

"நீங்கதான் சேர்."

வார்ட்டில் நர்ஸ்மாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேர்ஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழைதான்" என்று சொல்லி மருந்தைக் கூட்டி எழுதினார். பயிற்சிக்கு அரை மணிக்கு முன் மாத்திரை, முடிந்ததும் ஐஸ்.

ஆனாலும் 'வலி இரிக்கா' என்று கேட்டால் வாயில் 'இல்ல'தான் வந்தது. பழகிப்போன வாய். யோசித்து, வேறு மாதிரிக் கேட்டேன்.

"அக்கா, அரிசி அளக்கிற கொத்தால அளந்து சொல்லுங்க. இண்டைக்கு எத்தின கொத்து?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அளவில நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல மிஸ்." பிறகு கண்ணை மூடிக் காலைக் கவனித்தார். "ஏழு கொத்து. தலை தட்டாம, குவிச்சு."

"அப்ப கொஞ்சம் பொறுத்துச் செய்வம்."

ஏழு ஐந்தானது, ஐந்து மூன்றானது. தையல் வெட்டிய அன்று கோணமானியை வைத்தேன். தொண்ணூற்றிரண்டு பாகை. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தேன். சேர்ஜன் இடது காலுக்கும் பெயர் எழுதினார். சொன்னபடி ஆறு மாதத்தில் அதுவும் முடிந்தது. அந்த முறை துவாய் கிழியவில்லை.

4. பாதையில்

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குப் போனேன். பாதையில் ஏறும் பலகையடியில் நின்று தயங்கினேன். ஊரார் முழங்காலை எல்லாம் மடக்கிய எனக்கு இப்போது என் முழங்கால் சண்டை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"மிஸ்!" என்றொரு குரல். நல்லம்மா அக்கா. ஒரு கையில் பூசைச் சாமான் பை. மற்றக் கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்து, தானே ஏறினார். யாரும் தொடவில்லை. மேலே நின்று திரும்பி எனக்குக் கை நீட்டினார்.

"கால் வலிக்கா மிஸ்?"

"சேச்சே, ஒண்டுமில்லக்கா" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தின கொத்து?"

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு" என்றேன்.

அடுத்த கிழமையே கிளினிக்கில் நம்பர் எடுத்தேன்.