நிலக்ஷி பள்ளிக்கூடம் போகாத முப்பத்தொரு நாள்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதி என்மேல்தான்.

அம்பிகை இத்தாலிக்கு, இந்த பலெர்மோவுக்கு வந்து பதினாறு வருடம். கபோ பகுதியில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கிறாள். யார் என்ன கேட்டாலும் மறுக்கத் தெரியாதவள். அவளுடைய மகள் நிலக்ஷிக்குப் பதின்மூன்று வயது. இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவென்றாலும் டொக்டரிடம் போகவென்றாலும் இங்குள்ள தமிழ் ஆட்கள் நாங்கள், மொழிபெயர்க்க அந்தப் பிள்ளையைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். பள்ளிக்கூட நாளாக இருந்தால் என்ன? "ஒரு நாள்தானே, அவள் கெட்டிக்காரி" என்போம்.

மார்கழியில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அம்பிகைக்குத் துணையாக நானும் போனேன். ஆசிரியை ஒரு கடிதத்தை நீட்டி மளமளவென்று பேசினார். வழக்கம்போல நிலக்ஷிதான் மொழிபெயர்த்தாள்.

"முப்பத்தொரு நாள் நான் வரேல்லையாம். படிப்பிலை அக்கறையில்லாத குடும்பமாம். கம்பஸுக்குப் போற லிசெயோ எனக்குச் சரிவராதாம். சமையல் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டாம்."

குவெஸ்தூராவில் எங்களுக்குச் சொல்வாளே, அதே பட்டும்படாத குரல். டொக்டராக வேண்டும் என்று விஞ்ஞானப் புத்தகமும் கையுமாகத் திரிந்த பிள்ளை அவள். அக்கறையில்லாத குடும்பமாம்!

கதை பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தவராசா அண்ணை அம்பிகையை மறித்தார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மேடையேறி முழங்குகிறவர்.

"படிப்பு ஏறாட்டி என்ன செய்யிறது? பொம்பிளைப் பிள்ளை, சமையலும் நல்லதுதான்" என்றவர், மூச்சு விடாமல் தொடர்ந்தார். "வியாழக்கிழமை குவெஸ்தூராவிலை ஒரு அலுவல். பிள்ளையை ஒருக்கா விடுங்கோ."

"ஏலாது அண்ணை" என்றாள் அம்பிகை. "அவளுக்குப் பள்ளிக்கூடம். ரீச்சர் எழுதினது அவவின்ரை யோசனைதானாம், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு பதியிறது நாங்களாம். நான் லிசெயோவிலைதான் பதியிறன்."

அவர் முகம் கறுத்தது. ஒத்துப் பேசுவேன் என்று நினைத்தோ என்னவோ, என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அந்த முப்பத்தொரு நாளில் ஐந்து எனக்காகப் போனவை. அன்று பள்ளிக்கூடத்தில், ஏன் வரவில்லை என்று ஆசிரியை கேட்டபோது, நிலக்ஷி என் பக்கம் திரும்பாமலே காய்ச்சல் என்றாள். அந்தளவு இத்தாலியன் எனக்கும் விளங்கும்.